நஞ்சு கழிதலும் உடல் தேறுதலும்

தோற்றுவாய்

செங்கற்பட்டினின்றும் தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், மதுராந்தகத்திற்கு முன்னர் அமைந்துள்ளது கருங்குழி என்னும் எம் ஊர். இராமலிங்க அடிகள் உறைந்த கருங்குழி வடலூரை அடுத்தது. அது வேறு, இது வேறு. மதுராந்தகத்துப் பேரேரியும் வேடந்தாங்கற் பறவைகளும் எமக்கு அண்டை அயல். ஏரி நிரம்பிய ஆண்டுகளில் எம் ஊரைச் சூழ நோக்குமிடமெல்லாம் நெல்லே தோன்றும்.

நெல்லுள்ள இடத்துப் பூச்சியும் உண்டு. தண்டு துளைக்கும் புழு, இலை சுருட்டும் புழு, புகையான் ஆகிய இவை பயிரைத் தாக்கும்போது உழவர் யாது செய்வர்? "மருந்து அடிக்கிறோம்" என்பர். தமிழ் பயிலும் மாணவனாகிய யான் இச்சொல்லைப் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்குப் பெயர் மருந்து. நோய் தீர்ப்பதே மருந்து என்பது நம் முன்னோர் கொள்கை. உழவர் அடிக்கும் பொருளோ பயிரின் நோயைத் தீர்த்தலின் பயிர்க்கு மருந்தாயிற்று. பூச்சியைக் கொல்லுதலின் பூச்சிக்கு நஞ்சாயிற்று. அதனை முதுகிற் சுமந்து தெளிக்கும் மனிதனுக்கு அஃது யாது? இவ்வினாவே என்னை இக்கட்டுரை வரையத் தூண்டிற்று. விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் பொறுமையுடன் விளக்கியவற்றையும் யான் நூல்களிற் கற்றவற்றையும் என்னாலியன்ற தமிழில் ஈண்டுத் தருகின்றேன்.

கண்டது

2018ஆம் ஆண்டு நவரைப் பருவத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாய்மாமன் தம் வயலில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிகொல்லியை விடியற்காலை தொடங்கி வெயில் ஏறுமளவும் தெளித்தார். முதுகிற் சுமந்த தெளிப்பானின் மூடி சரியாகப் பொருந்தாமையால் நடக்குந்தோறும் நீர் கசிந்து அவருடைய சட்டையை நனைத்தது. மடித்துக் கட்டிய வேட்டியும் நனைந்தது. வியர்வையென்றே அவர் எண்ணினார் போலும்.

பத்து மணி அளவில் வரப்பின்மேல் வந்து உட்கார்ந்தார். "கண் மங்குதடா" என்றார். வாயினின்றும் எச்சில் வடிந்தது. உடல் வியர்வையிற் குளித்தது. இருமுறை வாந்தி எடுத்தார். கூடியவர்கள் வெயில் தாக்கிற்று என்று சொல்லி மோர் கொண்டுவர ஓடினர். அவருடைய தோளிலும் தொடையிலும் தசை துடித்துக்கொண்டிருந்தது. அதனைக் குளிர்நடுக்கம் என்று கருதிய யான், அவர் கழற்றி வைத்திருந்த சட்டையை எடுத்து அவர்மேற் போர்த்தினேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

என் பாட்டி வந்து பார்த்ததும், "அந்தச் சட்டையைத் தூக்கி எறி, மருந்து நாற்றம் குடலைப் புரட்டுது" என்று கூவினார். மாமாவைப் பம்புசெட்டின் நீரில் இருத்தி, சவர்க்காரம் இட்டுத் தலை முதற் கால் வரை கழுவச் செய்தார். பின்னர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் முதலிற் கேட்ட வினா, "எந்த மருந்து?" என்பது. எங்களுள் எவர்க்கும் தெரியவில்லை. பெரியம்மா மகனாகிய அண்ணன் வயலுக்குத் திரும்ப ஓடிக் குப்பியைக் கொண்டுவந்தார்.

எட்டு நாளில் மாமா வீடு திரும்பினார். பன்னிரண்டாம் நாள் மீண்டும் தெளிப்பானைக் கையில் எடுத்தார். பாட்டி தடுத்தபோது, "சிறுநீரிலேயே எல்லாம் போயிருக்கும் அம்மா, இன்னும் என்ன இருக்கிறது?" என்றார். பயிரின்மேற் கடன் வாங்கியவர். கூலிக்கு ஆள் வைக்கும் நிலையில் இல்லாதவர். ஆயினும் பாட்டியின் பிடிவாதத்தால் குருதிச் சோதனைக்குச் சென்றார். நஞ்சினால் கெட்ட நொதி இன்னும் பழைய அளவிற்கு ஏறவில்லை என்றும், மூன்று திங்களேனும் பூச்சிகொல்லியைத் தொடுதல் ஆகாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பருவம் முழுதும் அத்தை அயலார் வயலில் களையெடுத்துக் குடும்பத்தைக் காத்தார்.

மாமா சொன்னது பொய்யன்று. நஞ்சு பெரும்பாலும் கழிந்தே இருந்தது. மருத்துவர் சொன்னதும் பொய்யன்று. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் எவ்வாறு? நஞ்சு கழிதல் வேறு. உடல் தேறுதல் வேறு. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நஞ்சின் குலம்

மோனோகுரோட்டோபாஸ், பாரத்தியான், குளோர்பைரிபாஸ் முதலியன ஒரு குலத்தைச் சேர்ந்தவை. பாஸ்பரசைக் கரிமப் பொருள்களோடு பிணைத்துச் செய்யப்படுதலின் இவற்றைக் கரிமப் பாஸ்பரசு நஞ்சுகள் என்பர். செருமானிய வேதியியலார் கெர்கார்டு சிராடர் என்பவர் பூச்சிகொல்லி தேடியபோது 1936ஆம் ஆண்டில் இக்குலத்துக் கொடிய நஞ்சொன்றைக் கண்டார். அது போர்க்கருவியாயிற்று, தாபுன் என்பது அதன் பெயர். அவரே 1944ஆம் ஆண்டில் பாரத்தியானைக் கண்டார். இது வயலுக்கு வந்தது.

இஃது ஓர் வியத்தகு ஒற்றுமை: அதே 1936ஆம் ஆண்டில்தான், நரம்பு தன் செய்தியை வேதிப்பொருள் ஒன்றின் வாயிலாக அனுப்புகின்றது என்பதனை மெய்ப்பித்த ஆட்டோ லோவி, என்றி டேல் ஆகிய இருவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு புறம் நரம்பின் மறைபொருள் விளங்கிற்று. மறு புறம் அம்மறைபொருளைக் குலைக்கும் நஞ்சு பிறந்தது.

நம் நாட்டில் இந்நஞ்சின் கொடுமை 1958ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பாரத்தியானோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்ட உணவுப்பொருள்களில் அந்நஞ்சு கசிந்து கலந்தது. அவற்றை உண்ட கேரள மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக எழுந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தே 1968ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது.

நஞ்சு புகுதல்

உடலாகிய கோட்டைக்கு நஞ்சு புகும் வாயில்கள் மூன்று: வாய், மூச்சு, தோல். வாய்வழிச் செல்வது குடலில் விரைவாக உறிஞ்சப்படும். மூச்சுவழிச் செல்லும் நுண்துளிகள் நுரையீரலின் மெல்லிய சவ்வைக் கடந்து நேரே குருதியிற் கலக்கும். இவ்விரண்டையும் மக்கள் ஒருவாறு அறிவர். காற்று எதிர்த்து வீசும்போது முகத்தைத் துண்டாற் கட்டிக்கொள்ளும் உழவர் உளர். மூன்றாவதாகிய தோலையோ எவரும் வாயிலாகக் கருதுவதில்லை. தோல் மதில் என்றே எண்ணுகின்றனர். அம்மதிலிற் கதவுகள் பல உண்டு.

1971ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர் மேபாக்கும் அவருடன் ஆராய்ந்தோரும் இதனை அளந்து காட்டினர். தாமே முன்வந்த மனிதரின் தோலில், அடையாளம் இடப்பட்ட மிகச் சிறிதளவு பாரத்தியானைப் பூசி, அது சிறுநீரில் எவ்வளவு வெளிப்படுகின்றது என்று கணக்கிட்டனர். முன்கையிற் பூசியதில் நூற்றுக்கு 8.6 பங்கு உட்சென்றது. தலைத்தோலிற் பூசியதில் 32 பங்கும், அக்குளிற் பூசியதில் 64 பங்கும் உட்சென்றன. மறைவிடத்து மெல்லிய தோலிற் பூசியதோ ஏறக்குறைய முழுதும் உட்சென்றுவிட்டது. ஒரே உடல், ஒரே நஞ்சு. இடத்தின் வேறுபாட்டால் உட்செல்லும் அளவு பன்மடங்கு வேறுபடுகின்றது.

இனி எம் ஊர் உழவரை நினைமின். கையைக் கழுவிவிட்டால் தீர்ந்தது என்று அவர் கருதுகின்றார். கைத்தோலோ ஒப்புநோக்கத் தடித்தது. முதுகிற் கசிந்த நீர் வழிந்து இறங்கி மடித்த வேட்டியில் தேங்குகின்றது. அங்குள்ள தோலே மிக மெல்லியது. வெயிலும் வியர்வையும் தோலின் குருதியோட்டத்தை மிகுவிப்பன. ஈரத்துணி நஞ்சைத் தோலோடு ஒட்டவைத்துக் காற்றில் உலராமற் காப்பது. ஆகவே நனைந்த சட்டை ஆடையன்று. நஞ்சிற் தோய்த்த பற்று. அதனையே யான் என் மாமாவின்மேற் போர்த்தினேன் என்பதனை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் சுடுகின்றது.

வாய்வழிப் புகுதற்கும் நம் வழக்கங்கள் இடந்தருகின்றன. தெளிக்கும் இடைவேளையிற் கழுவாத கையாற் பீடி பற்றவைத்தலும், வெற்றிலை மடித்தலும், ஒழிந்த குப்பியைக் கழுவி வீட்டிற் பயன்படுத்தலும் நாம் காண்பனவே. 2013ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் பீகாரின் சாரண் மாவட்டத்துக் கந்தாமன் சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவுண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தமை ஆய்வில் வெளிப்பட்டது. நஞ்சிருந்த கலத்தை எத்துணை முறை கழுவினும் அது நஞ்சின் கலமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நஞ்சு மாறுதல்

உட்புகுந்த நஞ்சு குருதியோடு ஈரலை அடைகின்றது. ஈரல் உடலின் வண்ணார்துறை. அங்கே நொதிகள் என்னும் புரதப்பொருள்கள் வேதிமாற்றங்களை விரைந்து செய்கின்றன. நீரிற் கரையாத பொருளைக் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீர்வழிப் போக்குவதே ஈரலின் முறை. எண்ணெய்ப் பற்றுள்ள பொருள் சிறுநீரகத்தில் வடிக்கப்பட்டாலும் மீண்டும் குருதிக்கே திரும்பிவிடும்; நீர்ப்பற்றுள்ளதே வெளியேறும். ஆதலின் இம்மாற்றம் இன்றியமையாதது.

ஆயினும் பாரத்தியான் போன்ற நஞ்சின் திறத்தில் ஈரலின் முதற்செயல் ஏமாற்றமாய் முடிகின்றது. பாரத்தியானில் பாஸ்பரசோடு ஒரு கந்தக அணு பிணைந்துள்ளது. இந்நிலையில் அதன் கொடுமை குறைவு. ஈரலின் சைட்டோகுரோம் நொதிகள் அக்கந்தகத்தை நீக்கி அவ்விடத்து உயிர்வளியை வைக்கின்றன. அங்ஙனம் வைத்த அளவிலே அது பாராக்சான் என்னும் கொடு நஞ்சாகின்றது. உறையிலிருந்த வாளைக் காவலனே உருவிக் கள்வன் கையிற் கொடுத்தது போன்றது இது. குளோர்பைரிபாசின் வரலாறும் இதுவே. இத்தகைய நஞ்சு தீண்டியவர் முதற் சில மணி நேரம் நலமாயிருப்பது போலத் தோன்றிப் பின்னர் வீழ்தல் உண்டு. அதற்கு ஒரு காரணம் இம்மாற்றத்திற்கு வேண்டும் காலமே. "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று வீட்டிற் படுத்துக்கொள்வது இதனாலேயே பெருந்தவறாகின்றது.

மோனோகுரோட்டோபாசோ உருவிய வாளாகவே வருவது. அதனிற் கந்தகம் இல்லை. உயிர்வளியே தொடக்கம் முதல் உள்ளது. ஈரலின் மாற்றத்திற்குக் காத்திராது அது தன் தொழிலைத் தொடங்கிவிடும். என் மாமா வயலிலேயே வீழ்ந்தமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

காவலன் என்றும் ஏமாறுபவன் அல்லன். ஈரலிலும் குருதியிலும் பாராக்சனேசு என்னும் மற்றொரு நொதி உண்டு. அஃது உருவிய வாளை இரண்டாக ஒடிக்கின்றது. அங்ஙனம் ஒடிந்த துண்டுகள் பெரிதும் கேடற்றவை. குருதியிலுள்ள வேறு சில நொதிகள் நஞ்சைத் தம்மேல் ஏற்றுத் தாம் அழிந்து நரம்பைக் காக்கின்றன. வாளை உருவும் நொதியும் ஒடிக்கும் நொதியும் ஒருங்கே தொழில் செய்தலின், எது முந்துகின்றதோ அதனைப் பொறுத்தே உயிரின் நிலை அமைகின்றது. வாள் ஒடிக்கும் நொதி எல்லார்க்கும் ஒரே அளவாய் இல்லை. பச்சிளங் குழந்தைகளிடத்து அது மிகக் குறைவு. மருந்தடித்த ஆடையோடு குழந்தையை எடுத்துக் கொஞ்சுதல் ஆகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சு செய்யும் கேடு

நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சிறிதளவு வெளிவிடுகின்றது. தசை சுருங்குகின்றது. ஆணை முடிந்ததும் அப்பொருள் நீங்குதல் வேண்டும். இல்லையேல் தசை ஓய்வு பெறாது. அதனை நீக்குவது அசிட்டைல்கோலினெஸ்டெரேசு என்னும் நொதி. ஒரு நொடியிற் பல்லாயிரம் மூலக்கூறுகளைச் சிதைக்கும் விரைவுடையது அது. நாம் இதனை எளிமை நோக்கித் துடைக்கும் நொதி என்போம்.

கரிமப் பாஸ்பரசு நஞ்சு இந்நொதியின் வாயிற் சென்று ஒட்டிக்கொள்கின்றது. துடைப்பவன் கை கட்டுண்டான். ஆணை குவிகின்றது. கண்மணி சுருங்கிப் பார்வை மங்குகின்றது, எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகுகின்றன, வயிறு புரட்டுகின்றது, தசைகள் துடிக்கின்றன, பின்னர்ச் சோர்கின்றன. மூச்சுக்குழல்களில் நீர் சுரந்து நிரம்புதலும், மூச்சை இயக்கும் தசைகள் தளர்தலுமே சாவுக்குக் காரணமாவன. என் மாமாவின் உடலிற் கண்ட ஒவ்வொரு குறியும் இப்பட்டியலில் உள்ளது. யான் குளிர்நடுக்கம் என்று கருதியது தசையின் துடிப்பே.

இக்கேட்டில் காலத்தின் பங்கு பெரிது. ஒட்டிய நஞ்சைத் தொடக்கத்திற் பிரித்தல் கூடும். சில மணி நேரத்தில் அப்பிணைப்பு முதிர்ந்து பிரிக்கவொண்ணாததாகின்றது. மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றால் கட்டுண்ட நொதியிற் பாதி ஏறத்தாழ 3.7 மணியில் முதிர்ந்துவிடும். பாரத்தியான், குளோர்பைரிபாஸ் போன்றவற்றிற்கு அக்காலம் ஏறத்தாழ 33 மணி. ஆகவே ஒருவர் தீண்டிய நஞ்சு எதுவென்று மருத்துவர் முதலிற் கேட்பது வீண்வினா அன்று. அவர்க்கு எத்துணைக் காலம் எஞ்சியுள்ளது என்பதனை அக்குப்பியின் பெயர் சொல்லும்.

மருத்துவமனையில் அட்ரோப்பின் என்னும் மருந்தைச் செலுத்துவர். குவிந்த ஆணை உறுப்புகளைச் சென்று தாக்காதபடி அது தடுக்கின்றது. மூச்சுக்குழலின் நீரை வற்றச் செய்கின்றது. கட்டுண்ட நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சைம் என்பதும் உண்டு. இதன் பயன் குறித்து மருத்துவர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் இதுபற்றி 1990களிலேயே ஆராய்ந்துள்ளனர். அட்ரோப்பின் ஊமத்தையிலும் உள்ளது. அதுகொண்டு எவரும் ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடலாகாது. அளவறியாது கொடுப்பின் அது மற்றொரு நஞ்சு.

நஞ்சு கழிதல்

ஒடிந்த நஞ்சின் துண்டுகள் நீரிற் கரைவன. பாரத்தியானிலிருந்து பிறக்கும் நைட்ரோபீனால், ஈரலில் குளுக்குரோனிக் அமிலம் முதலியவற்றோடு இணைந்து சிறுநீரில் வெளியேறும். பாஸ்பரசு உள்ள துண்டும் அவ்வாறே. ஒருவர் நஞ்சு தீண்டினாரா என்பதனை அறியச் சிறுநீரில் இத்துண்டுகளைத் தேடுவது ஆராய்ச்சியாளர் வழக்கம்.

இக்கழிவின் விரைவையும் அளந்துள்ளனர். 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், தாமே முன்வந்த மனிதர் சிலர் மிகச் சிறிதளவு குளோர்பைரிபாசை ஏற்றனர். உட்கொண்டதில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு மாறிய உருவிற் சிறுநீரில் வெளிப்பட்டது. உடலிலுள்ள அத்துண்டு பாதியாகக் குறைய ஏறத்தாழ 27 மணி சென்றது. இக்கணக்கின்படி ஐந்தாறு நாளில் மிகச் சிறு பங்கே எஞ்சும். மோனோகுரோட்டோபாஸ் நீரில் எளிதிற் கரைவதாகலின் அதனினும் தங்குதல் அரிது.

கொழுப்பிற் பற்றுள்ள நஞ்சுகளின் நிலை சற்று வேறு. பென்தியான் போன்றவை உடற்கொழுப்பிற் சென்று பதுங்கிச் சிறிது சிறிதாகக் குருதிக்குத் திரும்பும். தேறியவர்போல் தோன்றியவர் மீண்டும் வீழ்தல் இதனால் நேரும். 1987ஆம் ஆண்டில் இலங்கை மருத்துவர்களாகிய நிமல் சேனநாயக்க, இலட்சுமன் கரல்லியத்த ஆகிய இருவரும் மற்றொன்றையும் கண்டு உலகிற்கு உரைத்தனர். முதற்குறிகள் தணிந்த பின்னர், 24 முதல் 96 மணிக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து சிலர் மூச்சு நிற்கும் நிலையை அடைகின்றனர். முதல்நாள் பிழைத்தவரை உடனே வீட்டிற்கு அழைத்துச் செல்ல உறவினர் விரும்பினும் மருத்துவர் விடாமைக்கு இதுவே காரணம்.

உடல் தேறுதல்

இனி நாம் தொடங்கிய வினாவிற்கு வருவோம். நஞ்சு சில நாளிற் கழிந்தது. பின் ஏன் மாமா தெளிப்பானைத் தொடலாகாது?

கள்வன் போய்விட்டான்; அவன் கொன்ற காவலர் எழுந்து வரவில்லை. முதிர்ந்த பிணைப்பிற் சிக்கிய நொதி இனிப் பயன்படாது. உடல் அதற்கு மாறாகப் புதிய நொதியைச் செய்தல் வேண்டும். நரம்பிடங்களில் அது நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் நடைபெறுகின்றது. குருதியின் சிவப்பணுக்களில் உள்ள நொதியின் அளவைக் கொண்டே மருத்துவர் இதனை ஒருவாறு மதிப்பிடுவர். சிவப்பணு தானே புதுநொதி செய்துகொள்ள இயலாதது. அதன் வாழ்நாள் 120 நாள். பழைய அணு மாய்ந்து புதிய அணு பிறந்தால் அன்றிக் குறை நிரம்பாது. ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக அது மெல்ல ஏறுகின்றது.

இதன் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். முழு நொதியுடைய ஒருவர் பொறுத்துக்கொள்ளும் சிறு நஞ்சினைப் பாதி நொதியுடையவர் பொறுக்கமாட்டார். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பவர்க்கும் இதுவே நேர்கின்றது. நஞ்சு சேர்வதில்லை, கேடு சேர்கின்றது. நேற்றைய நஞ்சு சிறுநீரிற் கழிந்தது உண்மை. நேற்றைய காயத்தின்மேல் இன்றைய காயம் படுவதும் உண்மை. "இத்தனை நாள் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை, இன்று மட்டும் ஏன்?" என்று உழவர் வியத்தற்கு விடை இதுவே.

செயற்பாலன

கற்றதன் பயன் செயலில் விளங்குதல் வேண்டும். ஆதலின் சில சொல்லுவேன்.

தெளிப்பான் கசிந்தால் வேலையை நிறுத்துக. காற்றை எதிர்த்துத் தெளிக்கற்க. முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிக. வேலை முடிந்ததும் ஆடையை மாற்றி, சவர்க்காரம் இட்டு முழு உடலையும் குளிக்க. அவ்வாடையை வீட்டார் துணிகளோடு சேர்த்துத் துவைக்கற்க. ஒழிந்த குப்பியை வீட்டிற்குக் கொணரற்க.

ஒருவர் வீழ்ந்தால், நனைந்த ஆடையை உடனே களைந்து எறிக. தலைமயிரும் மடிப்பிடங்களும் உட்பட நீரும் சவர்க்காரமும் இட்டுக் கழுவுக. கழுவுபவர் தம் கையையும் காத்துக்கொள்க. வாந்தி எடுக்கத் தூண்டற்க, நினைவிழந்தவர் வாயில் மோரோ நீரோ வார்க்கற்க, ஒருக்களித்துக் கிடத்துக. 108க்குச் சொல்லி விரைந்து மருத்துவமனை சேர்க்க. குப்பியைத் தவறாது உடன்கொண்டு செல்க. பிழைத்து வந்தபின், மருத்துவர் இசையுமளவும் தெளிப்பானைத் தீண்டற்க.

முடிவுரை

2023ஆம் ஆண்டில் இந்திய அரசு, நூற்றுக்கு 36 பங்கு வலிமையுள்ள மோனோகுரோட்டோபாஸ் கரைசலை நிறுத்துதற்கு ஆணை பிறப்பித்தது. அது நற்செய்தியே. ஆயினும் அதன் குலத்தார் பலர் இன்னும் கடைகளில் உள்ளனர். குப்பியின் பெயர் மாறினும் நரம்பிற் செய்யும் தொழில் ஒன்றே.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை யான் வகுப்பிற் பயின்றபோது, முன் உண்டது செரித்ததை அறிந்த பின்னரே மீண்டும் உண்ணுதல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் அமைந்திருத்தல் கண்டேன். உணவிற்கே அத்துணைக் காத்திருத்தல் வேண்டுமாயின் நஞ்சிற்கு எத்துணை வேண்டும்! வயிறு செரித்தமையைப் பசி உணர்த்தும். நரம்பு தேறியமையை உணர்த்தும் பசியொன்று நமக்கு இல்லை. குருதிச் சோதனையே அதனைச் சொல்லும்.

என் மாமா இன்றும் உழுகின்றார். கருங்குழியில் எவரேனும் மருந்தடித்துத் திரும்பினால், "மேலெல்லாம் கழுவினாயா?" என்று அவரே முதலிற் கேட்கின்றார். அன்று போர்த்திய சட்டையைப் பற்றி அவர் என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. அவர் கடியாத குறையை யான் தீர்க்கும் வழி இக்கட்டுரையே. இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுள் உழவர் மக்கள் பலர் இருப்பர். விடுமுறையில் ஊர் செல்லும்போது, தந்தையார்க்கும் மாமன்மார்க்கும் இதனை அவரவர் ஊர்மொழியில் எடுத்துச் சொல்லுமாறு வேண்டி அமைகின்றேன்.